‘ஆனால்’ இல்லாத கணக்கு

அந்தப் பயிற்சி மையத்தில் அவளை எல்லாரும் ‘டைப்பிங் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பின்பக்க அறையில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் தண்ணீர் கேன்களுக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை தட்டிக்கொண்டே இருப்பாள். பார்க்கிறவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? கணிதத்தில் முதுகலை முடித்தவள் அவள். மையம் வெளியிட்ட ஆறு புத்தகங்களிலும் ஒவ்வொரு கணக்கையும் யோசித்து, போட்டு, விடை சரிபார்த்தவளும் அவளே. இது அவளுடைய தம்பிக்கும் அவன் வீட்டாருக்கும் மட்டுமே தெரியும். புத்தக அட்டையில் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பவன் தம்பி.

தம்பிக்கு ஊரில் ‘மின்னல் சார்’ என்று பெயர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவனுக்கோ வாய் மட்டுமல்ல, கையும் புருவமும்கூடப் பேசும். கல்லூரியில் இரண்டு தடவை எழுதித் தேறிய பாடத்தை அவன் கரும்பலகை முன் நின்று சொன்னால், கணக்கு என்றாலே ஓடி ஒளிகிற பிள்ளைகூடச் சிரித்துக்கொண்டே போட்டுவிடும். அதை அக்காவும் மறுத்ததில்லை. அவள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது பிள்ளைகள் அவளிடம் பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. குனிந்து எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. தம்பிக்குக் கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை. வேலையை விட்டவள் அவள்தான். நான்கு வருஷம் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தபோது பள்ளியில் அவள் இடத்தில் வேறொருத்தி நிரந்தரமாகியிருந்தாள். தம்பி வீட்டின் முன்கூடத்தில் பெஞ்சு போட்டு வகுப்பு தொடங்கியிருந்தான். “அக்கா, நீ எழுது. நான் பேசறேன்” என்றான். அப்போது அது நியாயமான பங்கீடாகத்தான் பட்டது.

கல்லூரியில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. அதனால் அவனுடைய பெருமையெல்லாம் குறுக்குவழிகளில்தான். அதில் பேர்போனது பின்னங்களை ஒப்பிடும் வழி. மூன்று பை நான்கு பெரிதா, ஐந்து பை ஏழு பெரிதா? குறுக்கே பெருக்கு. மூவேழு இருபத்தொன்று, ஐந்நான்கு இருபது. இருபத்தொன்று பெரிது, ஆகவே முதல் பின்னம் பெரிது. நான்கு விநாடி. “குறுக்கே பெருக்கு, பெருசைப் பொறுக்கு” என்று அவன் பாட, முன்கூடமே சேர்ந்து பாடும். தெருவில் போகிற பிள்ளைகள்கூட அதைப் பாடிக்கொண்டு போவார்கள்.

முதல் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் அடியில் அக்கா ஒரு வரி எழுதியிருந்தாள்: “ஆனால், கீழே உள்ள இரண்டும் ஒரே குறியுடையவையாக இருந்தால் மட்டுமே இது செல்லும். அவற்றில் ஒன்று மட்டும் குறை எண்ணாக இருந்தால் விடை தலைகீழாகும்.”

தம்பி மெய்ப்புத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கையில் சிவப்புப் பேனாவோடு படித்துக்கொண்டிருந்தான். அந்த வரியில் வந்து நின்றான்.

“அக்கா, இது எதுக்கு?”

“எண்ணா இருந்தா பிரச்சினை இல்ல. எக்ஸ், ஒய்னு வந்து, அது மைனஸா இருந்தா மாறிடும்டா.”

“எக்ஸ் மைனஸ்னா எவன் பின்னத்த ஒப்பிடச் சொல்றான்? பத்து வருஷக் கேள்வித்தாள நீதானே பாத்த. ஒரு தடவையாவது வந்திருக்கா?”

“வரல. அதுக்காக…”

“மின்னல்னா மின்னலா இருக்கணும்க்கா. ‘ஆனால்’னு ஒரு வார்த்தை வந்தா புள்ளைங்க பயந்துடும். வகுப்புல நான் வாயால சொல்லிக்கறேன்.”

சிவப்புப் பேனா ஒரு கோடு இழுத்தது. வகுப்பில் அவன் சொல்லுவான் என்று நினைத்தாள். முதல் வாரம் பின்னறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பாட்டுதான் வந்தது. அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த பதிப்புக்கு வேறு அவசரம் வந்தது. இப்படியே ஆறு வருஷம் ஓடிப்போயிற்று. அந்த வழியில் போட்டவர்களுக்கெல்லாம் விடை சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. வலிக்காத பல்லை யார் பிடுங்குவார்கள்?

தம்பி மகளுக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். பதினேழு வயதாகியும் அதே பெயர்தான். அந்த வருஷம் அவளும் நுழைவுத் தேர்வு எழுத இருந்தாள். அப்பாவின் வகுப்பில் எல்லாரோடும் உட்காருவாள். சந்தேகம் என்றால் அத்தையிடம் வருவாள். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அத்தை ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தாள். எக்ஸ் என்பது மைனஸ் ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் இடையில் உள்ள எண். மூன்று பை எக்ஸ் பெரிதா, எக்ஸ் பை நான்கு பெரிதா?

பாப்பா பென்சிலைக்கூட எடுக்கவில்லை. “குறுக்கே பெருக்கினா ஒரு பக்கம் பன்னெண்டு, இன்னொரு பக்கம் எக்ஸ் ஸ்கொயர். எக்ஸ் ஸ்கொயர் ஒண்ணுக்கும் கம்மி. பன்னெண்டு பெருசு. அப்ப மூணு பை எக்ஸ்தான். முடிஞ்சுது.”

“எக்ஸுக்கு மைனஸ் அரை போட்டுப் பாரு.”

பாப்பா அலுத்துக்கொண்டே எழுதினாள். மூன்றை மைனஸ் அரையால் வகுத்தால் மைனஸ் ஆறு. மைனஸ் அரையை நான்கால் வகுத்தால் மைனஸ் எட்டில் ஒன்று. பென்சில் நின்றது.

“மைனஸ் ஆறுதான் சின்னது… அய்யய்யோ, தலைகீழா வருது. அப்ப அப்பா சொன்னது தப்பா அத்தை?”

“தப்பு இல்ல. கீழ ஒண்ணு மைனஸ், ஒண்ணு ப்ளஸ்னா மட்டும் திருப்பிப் போட்டுக்கணும்.”

“இத ஏன் புக்ல போடல?”

அத்தை ஒரு நொடி யோசித்தாள். அப்பனைப் பற்றி மகளிடம் என்ன சொல்ல? “இடம் இல்ல” என்றாள்.

மறுநாள் காலை அந்த வரியைப் பற்றிப் பேச அவள் தம்பியின் அறைக்குப் போனாள். அவன் விளக்குகளைப் போட்டு, காலரைச் சரிசெய்துகொண்டு, தேர்வுக்கு முந்தைய கடைசி வீடியோவைப் பதிவுசெய்யத் தயாராக நின்றான். கேமராக்காரர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். “அப்புறம் பேசலாம்க்கா” என்று தம்பி உதட்டை மட்டும் அசைத்தான். அந்த ‘அப்புறம்’ வரவில்லை. அவளும் அதைத் தேடிப் போகவில்லை.

தேர்வு முடிந்து வந்த பாப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்கு ஓடிவந்தாள். “அத்தை! அந்த மைனஸ் கணக்கு! ஒண்ணு இல்ல, மூணு! மூணையும் போட்டுட்டேன்!” அத்தைக்கு முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் அப்படியே நின்றது. முன்கூடத்தில் படித்த பிள்ளைகள் இருநூற்றுப் பதினொரு பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த மூன்று கேள்விகளையும் கேள்விக்கு நான்கு விநாடியில் முடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள்.

சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று கழியும். மூன்று கேள்வியில் பதினைந்து போயிற்று. முடிவு வந்த அன்று, மையத்தில் யாருமே எதிர்பார்க்காத வரிசை வந்தது. மாதிரித் தேர்வு எல்லாவற்றிலும் முதலில் வந்துகொண்டிருந்தவள் ‘முதல் பெஞ்சு’. ஒரு மணி நேரம் முன்னதாக வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வந்த பெயர் அது. அவளுக்கு ஏழு மதிப்பெண்ணில் கல்லூரி இடம் கைநழுவியது. அவளுக்கு எப்போதும் பின்னால் வருகிற பாப்பாவுக்கு இடம் கிடைத்தது.

இரண்டு பெண்களும் சிநேகிதிகள். விடைத்தாள்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது பாப்பா கள்ளமில்லாமல் சொல்லிவிட்டாள்: “இத எங்க அத்தை சொல்லிக் குடுத்தாங்கடி.” அவ்வளவுதான். மறுநாளே ‘முதல் பெஞ்சு’வின் அம்மா மையத்துக்கு வந்துவிட்டாள். அவள் தையல்காரி, கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. “சனிக்கிழமை எல்லாரும் வர்றோம். பதில் சொல்லுங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன்கூடம் நிறைந்துவிட்டது. பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சுவரோரம் நின்றார்கள். பின்னறையிலிருந்து அக்காவையும் வரச் சொல்லியிருந்தான் தம்பி. அவனுடைய மனைவி வாசல் பக்கம் நின்று எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாப்பா உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தம்பி நன்றாகத்தான் பேசினான். யானைக்கும் அடி சறுக்கும் என்று தொடங்கினான். குறுக்குவழியில் தப்பே இல்லை, அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அந்த நிபந்தனை புத்தகத்தில் விட்டுப்போய்விட்டது என்றான். குரல் தழுதழுத்தது, அது நடிப்பும் இல்லை. “புத்தகம் தயாரிக்கறவங்க எங்க சொந்த அக்காதான். வயசாகுது, ஒத்த ஆளா எல்லாத்தையும் பாக்கறாங்க. டைப் பண்ணும்போது ஒரு வரி விட்டுப்போச்சு. அவங்க சார்புல நான் உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்.”

கைகூப்பினான். முன்வரிசையில் சிலருடைய முகம் இளகிக்கூடப் போயிற்று.

அக்கா எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. “விட்டுப்போகல. நான் எழுதினேன். நீதான் அடிச்ச” என்றாள்.

“நானா?” தம்பி திரும்பினான். “எப்போக்கா?”

அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துபோயிற்று. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையாகவே நினைவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் இழுத்த ஒரு கோட்டை அவன் எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்? ஞாபகம் வைத்திருந்தது அவள்தான். அந்த மெய்ப்புத் தாளும் எப்போதோ பழைய பேப்பரோடு போய்விட்டது.

தையல்காரி உள்கதவைப் பார்த்தாள். “பாப்பா, நீ சொல்லும்மா. உங்க அத்தை உனக்கு இத சொல்லிக் குடுத்தப்ப, புக்ல ஏன் இல்லன்னு கேட்டியா?”

“கேட்டேன் ஆன்ட்டி.”

“என்ன சொன்னாங்க?”

பாப்பா அத்தையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். “இடம் இல்லன்னு சொன்னாங்க.”

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “இடம் இல்லையாமே!” என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். பாப்பா சொன்னதும் பொய்யில்லை. அத்தை தானே தன் வாயால் சொன்னதுதான். தம்பியின் மானம் மகள் முன்னால் போகக் கூடாது என்று சொன்ன ஒரு சொல், இப்போது கூடத்தில் அவளுக்கே எதிராக வந்து நின்றது.

“அது… அன்னிக்கு நான்…” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். கரும்பலகைப் பக்கம் போய்ச் சுண்ணக்கட்டியை எடுத்தாள். எழுதிக் காட்டினால் புரிந்துவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை, ஆசிரியை புத்தி. மூன்று பை எக்ஸ் என்று எழுதி, கீழே கோடு போட்டு…

“அம்மா, எங்களுக்குக் கணக்கு வேணாம்” என்றாள் தையல்காரி. “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு இது முன்னாடியே தெரியும், இல்லையா?”

“தெரியும்.”

“எத்தன வருஷமா?”

“ஆறு.”

“யார் அடிச்சா, யார் விட்டா, அது உங்க வீட்டுச் சண்டை. தெரிஞ்ச நீங்க இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே உக்காந்திருந்தீங்க? பத்து அடி. எந்திரிச்சு வந்து ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல? ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்வாங்க. நீங்க ஊரான் பிள்ளைக்குப் பாட்டு, உங்க பிள்ளைக்குப் பாடமா?”

அக்கா சுண்ணக்கட்டியைப் பலகையின் விளிம்பில் வைத்தாள்.

மையம் மூடிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். இரண்டு மாதத்தில் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தது. அந்தப் பக்கத்தில் மஞ்சள் கட்டம் போட்டு ‘மின்னல் சாரின் மைனஸ் எச்சரிக்கை’ என்று தலைப்பிட்டு, அவள் எழுதிய வரியையே கொஞ்சம் மாற்றிப் போட்டிருந்தார்கள். அதற்கும் ஒரு பாட்டு வந்தது. வேறு எந்த மையமும் சொல்லித் தராத ரகசியம் என்று பேருந்துகளின் முதுகில் விளம்பரம் போயிற்று. அந்த வருஷம் சேர்க்கை முன்னூறைத் தாண்டியது.

அதற்கு முன்பே அக்கா தம்பி வீட்டைவிட்டு வந்துவிட்டாள். சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. தம்பி தடுத்தான்; நிஜமாகவே கண் கலங்கினான். “எல்லாம் சரியாயிடும்க்கா, ஜனங்க மறந்துடுவாங்க” என்றான். அவன் மனைவி, “அண்ணி, நீங்க போயிட்டா அவங்க சொன்னது உண்மைன்னு ஆயிடும்” என்றாள். ‘அவங்க’ என்றது புருஷனையா, கூட்டத்தையா என்று அக்கா கேட்கவில்லை. பாப்பா மட்டும் எதுவும் பேசாமல் அத்தையின் பையை வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். வாய் திறந்தால் யாரையாவது ஒருவரை இழக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கல்லூரிக்குப் போன பிறகு இரண்டு தடவை போன் செய்தாள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாள்.

ஒரு பள்ளியில் கணித ஆசிரியை தேவை என்று பழைய தோழி ஒருத்தி சொன்னாள். நேர்முகத்துக்குக்கூட அழைப்பு வந்தது. அவள் போகவில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றில் வெளிநோயாளிகள் பதிவு வரிசையில் மூன்றாம் எண் ஜன்னலில் உட்கார்ந்தாள். பெயர், வயது, முகவரி, எந்தப் பிரிவு. தட்டி, அச்சடித்து, சீட்டைத் துவாரத்தின் வழியே தள்ள வேண்டும். அந்த வேலையில் விட்டுப்போக எதுவும் இல்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு புதன்கிழமை காலை, தலையை நிமிர்த்தாமலே “பேர் சொல்லுங்க” என்றவள், பதில் குரலைக் கேட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல்காரி. பக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்தபடி ‘முதல் பெஞ்சு’.

“கண் பாக்கணும்” என்றாள் தையல்காரி. “ஊசி கோக்க முடியல.”

அவள் எழுத்துகளைத் தட்டினாள். கேட்கக் கூடாது என்று நினைத்தும் வாய் கேட்டுவிட்டது. “நீ இப்ப என்னம்மா பண்ற?”

“மருந்துக்கடையில நிக்கறேன்.”

“மறுபடி எழுதலையா? நான் வேணா… சாயந்திரம் வந்து சொல்லித் தர்றேன். எனக்கு வேற வேலை எதுவும் இல்ல.”

அந்தப் பெண் அவளை நேராகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. விடை தெரிந்த கேள்வியைச் சும்மா ஒரு தடவை சரிபார்க்கிற பார்வை அது.

“மாதிரித் தேர்வுப் பேப்பரெல்லாம் நீங்கதானே திருத்தினீங்க?”

“ஆமா.”

“அதுல பின்னக் கணக்கெல்லாம் நான் எந்த வழியில போட்டேன்னு தெரியுமே. பக்கத்துலயே எழுதியிருப்பேனே.”

“பார்த்தேன்.”

“டிக் போட்டீங்க.”

“விடை… சரியா இருந்துச்சும்மா.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது. இந்தப் பெண்ணின் கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். சற்றே இடப்பக்கம் சாயும், ஏழின் நடுவில் ஒரு கோடு இருக்கும். இருபது பேப்பராவது இருக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நான்கு சொல் எழுதியிருக்கலாம். புத்தகத்தில்தான் தம்பியின் சிவப்புப் பேனா இருந்தது. அந்தப் பேப்பர்களில் சிவப்புப் பேனா அவள் கையில் இருந்தது.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் செருமினார்.

“சீட்டக் குடுங்கம்மா” என்றாள் தையல்காரி, மரியாதையாகவே. “பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”

அவள் வயதைக் கேட்டுப் பதிந்தாள். சீட்டு அச்சாகி வந்தது. “ரெண்டாவது மாடி, இடது பக்கம். எட்டாம் நம்பர் ரூம்” என்று சொல்லித் துவாரத்தின் வழியே தள்ளினாள். மகள் அதை வாங்கி, எழுதியிருப்பதைப் பெயரிலிருந்து தேதிவரை ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்தாள். பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.